இவ்விடத்தில்

கல்லைக் கிழக்கே
மூன்று மீற்றர் நாற்பது தள்ளி நடச் சொன்னார் எஞ்சினியர்.
றோட்டு அகலுது, கல் வழியில் நிக்குது,
அவ்வளவுதான் விசயம்.

முதிரைமோட்டைச் சந்தி தாண்டி
ஒரு கூப்பிடு தூரம்.
வெள்ளைக்காரன் நட்டது. இடுப்பளவு கருங்கல்.
இங்கிலீசில் நாலு வரி:
இவ்விடத்தில் இன்ன தளபதி
இன்ன வன்னியனை முறியடித்தான்.
வென்றவன் பேர் பிசகாமல் இருக்கிறது.
தோற்றவன் பேரில் ஓர் எழுத்தைக் காணவில்லை.
உளி வழுக்கியதோ,
போனால் போகட்டும் என்று விட்டதோ.

பெக்கோக்கார ரமணீதரன்
வாளியை அடியில் கொடுத்துக் கிளப்பினான்.
கடைவாய்ப்பல் மாதிரி ஆடி ஆடி வந்தது.
கீழே கறையான், ஒரு சோடா மூடி,
வெயில் காணாத மண்.
நான் அளவுநாடாவின் மற்ற நுனியில் நின்றேன்.
தோல்வி நடந்த இடம் இனி நடு றோட்டு.
'இவ்விடத்தில்' என்கிற சொல் மட்டும்
காணோரம், கம்பிக்கட்டைக்குப் பக்கத்தில்.

"அப்ப இது பொய்யாப் போகாதோ சேர்?"
அவர் தொப்பியைக் கழற்றி வியர்வை துடைத்தார்.
"தோத்தவன் என்ன, ஒரே இடத்தில நிண்டே தோத்தவன்?"
குறிப்புப் புத்தகத்தில்
இந்தக் கேள்விக்குப் பத்தி இல்லை.

கையில் சிவப்புப் பெயின்ற் இருந்தது.
விடுபட்ட எழுத்தைப் போட்டுவிடலாம் என்று பார்த்தால்
தேத்தண்ணிக் கடையில் மூன்று பேர்
மூன்று எழுத்துச் சொன்னார்கள்.
நாலாமவர்,
அது தன்ர பரம்பரையாம், எழுத்தே வேண்டாமாம்.

பின்னேரம் ஐந்தேகால் பஸ்.
கொண்டக்டர் கூவுகிற பேர் ஒன்றும்
எங்கள் வரைபடத்தில் கிடையாது.
எரிஞ்ச பஸ்ஸடி இறக்கம்! என்கிறான்.
எரிந்த பஸ்ஸை இரும்புக்காரர்
கிலோக் கணக்கில் அறுத்துக்கொண்டு போய்ப்
பத்து வருசம் இருக்கும்.
இப்போது அங்கே கச்சான் விற்கிற ஒரு தட்டி.
என்றாலும் ஆட்கள் எழும்புகிறார்கள்,
பையைத் தேடுகிறார்கள்,
பிறேக் ஒரு முழம் பிசகாமல் பிடிக்கிறது.
அங்கே கல் இல்லை.
நடக் கேட்க ஆருக்கும் வாயில்லை.

அடுத்தது பதினேழின் கீழ் மூன்று.
எங்கள் கணக்கில்: கொங்கிறீற் குழாய் இரண்டு,
விட்டம் ஆயிரத்து இருநூறு மில்லிமீற்றர்,
வெடிப்பு உண்டு, உடைத்து மாற்றவும்.
கொண்டக்டர் கணக்கில்:
பிள்ளை பெத்த மதகு.
அந்தத் தை மாதம்
மேலே சனம் நடந்துகொண்டிருந்தது,
மாட்டுவண்டி, உழவு மெசின், கோழிக்கூடு,
கதவு கழற்றிக் கட்டிய சைக்கிள்.
கீழே இரண்டு குழாய்.
ஒன்றில் தண்ணீர் போனது.
மற்றதில் அவள் தாய்.

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி,
கையிடுக்கில் வலைப்பந்து.
இறங்கக் கால் வைத்தவளிடம் கொண்டக்டர் கேட்டான்,
"யாழ்நிலா, உன்ர மதகை உடைக்கப் போறாங்களாம்.
இனி எங்க இறங்குவாய்?"
என்னை ஒரு தரம் பார்த்தாள்.
என் காற்சட்டையில் தார் இருந்தது.
"உடைக்கட்டுமன்.
தண்ணி இதாலதானே அண்ணை போகோணும்."
பந்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

கல்லை இன்னும் நடவில்லை.
சீமெந்து வரவில்லை.
குப்புறக் கிடக்கிறது,
எழுத்து மண்ணைப் பார்த்தபடி.
முதுகில் ஓர் ஆட்டுக்குட்டி ஏறி நின்று
வேம்புக்கு எட்டிப் பார்க்கிறது.

மதகு பதினேழின் கீழ் மூன்றுக்கு நேரே
குறிப்பு என்ற பத்தியில் எழுதினேன்:
தண்ணீர் இதாலதான் போகும்.
புத்தகம் திரும்பி வந்தது.
சிவப்புப் பேனையில் ஒரே ஒரு சொல்.
அளந்தாயா?